வெண்ணெய்க்குப் பக்கத்தில் மீன்

பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசனையை வெண்ணெய் வாங்கிக்கொள்ளும். அதனால் நான் அதை எண்ணெய்த்தாளில் சுற்றி, இறுக மூடும் டப்பாவில் போட்டு, ஃப்ரீசரில் தனியாகத்தான் வைக்கிறேன். என் சிறுவயதில், ஆனையூர் வீட்டில், அந்த வசதி அம்மாவுக்கு வாய்க்கவில்லை.

அம்மா பாலாடையைச் சேர்த்துவைத்து, கடைந்து, மோர் வாடை போகும்வரை அலசி, உருண்டைகளைக் கிண்ணத்தில் போட்டுத் தட்டால் மூடி ஃப்ரீசரில் வைப்பாள். தீபாவளிக்கு அதை உருக்கி, மைசூர்பாகு கிளறி, மேலூரில் பிறந்த வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். போன தீபாவளிக்கு அங்கே அவளுடைய அண்ணி ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, எல்லோர் முன்னாலும், "கடை நெய்யா?" என்று கேட்டிருந்தாள்.

மாடியறையில் குடியிருந்த அத்தை, அப்பாவின் தங்கை, மல்லிகைப்பூ, மாவு, மீன் என்று எதையும் கேட்காமல் கொண்டுவந்து வைப்பாள். கதவையும் சரியாக மூடமாட்டாள். அம்மா மீனைக் கீழ்த்தட்டுக்கு இறக்குவாள். அத்தை அதை மறுபடி ஃப்ரீசரில் ஏற்றுவாள்.

"வெண்ணெய்கிட்ட மீன வைக்காதன்னு எம்புட்டு தடவ சொல்றது?"

"ரெண்டும் பேசிக்கிடவா போகுது மதினி? அதுபாட்டுக்கு அது கெடக்கும், இதுபாட்டுக்கு இது கெடக்கும்."

தீபாவளி நெருங்கும்போது ஒருநாள் பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. மீன் பையிலிருந்து கசிந்த தண்ணீர் வெண்ணெய்க் கிண்ணத்துக்குள் இறங்கிவிட்டது. அம்மா வெண்ணெயைத் திரும்பத் திரும்ப அலசினாள். உருக்கும்போது முருங்கைக்கீரையை அள்ளிப் போட்டாள். வேலை முடிந்து வந்த அப்பா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்ன, இன்னிக்கு மீன் கொழம்பா?"

அம்மா கரண்டியோடு மாடிப்படிக்குப் போனாள். "இனிமே ஒன் சாமான் ஒண்ணுகூட என் ஃப்ரிட்ஜுக்குள்ள இருக்கக் கூடாது, சொல்லிட்டேன்!"

அத்தை இறங்கி வந்து மீன், மாவு, பூப்பொட்டலம் எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் வைத்தாள். பிறகு முந்தானையால் ஃப்ரிட்ஜின் கைப்பிடியையும் கதவையும் மேலிருந்து கீழாகத் துடைத்தாள். அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த ஃப்ரிட்ஜ் அத்தைக்குக் கல்யாணச் சீராக வந்தது என்பதும், அவள் கணவரின் தொழில் நொடித்து வீட்டைக் காலிசெய்தபோது, மாடியறையில் இடமில்லாமல் எங்கள் சமையலறையில் இறக்கப்பட்டது என்பதும் எனக்கு அப்போது தெரியாது. அடுத்தவர் பொருளை இவ்வளவு பொறுப்பாகத் துடைக்கிறாளே, ஒருவழியாக அத்தை திருந்திவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.