எடை போட்ட பெரிய வெள்ளி

காடே இல்லாத காரைக்காலில் உட்கார்ந்துகொண்டு யானைகளுக்காக நான் அலைக்கழிந்தது கொஞ்சமில்லை. எண்பதுகளின் பின்பாதி அது. தந்த வியாபாரத்தை அரசு தடை செய்தது. வியாபாரிகளும் தந்தம் செதுக்குகிறவர்களும் கூச்சல் போட்டார்கள். பத்திரிகையில் தினமும் அதே பேச்சு. கூச்சல் கூடக்கூட எங்கள் வனத்துறை அலுவலகத்துக்குச் சுற்றறிக்கைகள் வந்து விழுந்தன. கடையில் இருப்பதை எழுதிக் கொடு என்றது ஒன்று. வீட்டில் இருப்பதையும் சேர் என்றது அடுத்தது. தந்தத்தின் எடையைத் தனியாகக் காட்டு, இல்லையென்றால் பறிமுதல் என்றது மூன்றாவது. மதியக் கடல்காற்றில் அந்தத் தாள்கள் படபடக்கும்போது எனக்குக் கண் சொருகும். பெயரில் மட்டும் காடு இருக்கும் பக்கத்து ஊர் நெடுங்காட்டு வயல்களில், முழங்கால் தண்ணீரில், யானைகள் சத்தமில்லாமல் நடந்து போகும். விழித்தால் மேசைமேல் தாள்தான் இருக்கும்.

அப்படி விழித்த ஒரு மதியம் எதிரில் ஓர் அம்மாள் நின்றிருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து, பிறகு இறந்துபோன கணவரின் பென்ஷனில் வாழ்பவர். கையிலிருந்த துணியைப் பிரித்தார். கருங்காலிச் சிலுவையில், சாண் உயரத்தில், தந்தத்தில் இயேசு. சைகோனிலிருந்து கணவர் கொண்டுவந்த பாடுபட்ட சுரூபம்.

“இதைக் கையில புடிச்சிக்கிட்டுதான் அவரு போனாரு. நானும் அப்படித்தான் போவணும். பறிச்சிக்குவாங்களா தம்பி?”

“எடை எழுதிட்டா ஒண்ணும் பண்ண மாட்டாங்கம்மா. மரம் வேணாம், சுரூபத்த மட்டும் கழட்டிக் குடுங்க.”

அவர் முகம் மாறியது. “கண்ட நாள்ல இறக்கக் கூடாதுங்க. பெரிய வெள்ளிக்கிழமை, ஆண்டவர் உயிர் விட்ட மூணு மணிக்குத்தான் இறக்குவோம்.”

கடைசித் தேதி அதற்கு முன்பே முடிந்துவிடும். அரசாங்கம் உங்கள் பெரிய வெள்ளிக்குக் காத்துக்கொண்டிருக்குமா என்று எரிந்து விழுந்தேன். அவர் துணியைச் சுற்றினார், குழந்தைக்குக் குளிர் பட்டுவிடும் என்பதுபோல. 

வியாபாரிகளின் கூச்சலுக்கு மிரண்டு அரசு கெடுவை நீட்டியது. அதுவரை அவர்களைத் திட்டிக்கொண்டிருந்த நான் அன்று மனதுக்குள் கும்பிடு போட்டேன்.

பெரிய வெள்ளியன்று, பத்தரிடம் இரவல் வாங்கிய தராசோடு அந்த அம்மாள் வீட்டுக்குப் போனேன். வெயிலில் தெருவே மயங்கிக் கிடந்தது. மாதா கோயில் மணி அன்று அடிக்காது. அதற்குப் பதிலாக மரக்கட்டை தட்டும் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்தது. மூன்று ஆணிகளையும் அவரே கழற்றி, சுரூபத்தைத் தட்டில் கிடத்தினார். ஒவ்வொரு கல்லாக எதிர்த்தட்டில் வைத்தேன். தராசு மெல்ல ஆடி நின்றது. எங்கோ எப்போதோ விழுந்த ஒரு யானையும் அந்த அறைக்குள் வந்து நிற்பதுபோல இருந்தது எனக்கு. எடையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

“எழுதிக்கங்க தம்பி. எங்கிட்ட சொல்லாதீங்க.”

எழுதிக்கொண்டு வந்தேன்.

அடுத்த மாதம் இன்னொரு சுற்றறிக்கை வந்தது. வீட்டில் கும்பிடுகிற பொருள்களுக்கு எடை தேவையில்லையாம். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. அதையும் நான் அவரிடம் சொல்லவில்லை.