நாலு காலும் தரையில்

மேலே பாய்கிற நாயைப் பழக்குவது பெரிய வேலையில்லை. பழக்கியதைக் கெடுக்கிற மனிதர்களை என்ன செய்வது? எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை.

குரும்பலூரில் எங்கள் வீட்டு நாய், கேட்டைத் திறந்துகொண்டு யார் வந்தாலும் முன்னங்கால்களைத் தூக்கி நெஞ்சில் வைத்துத்தான் வரவேற்கும். குட்டியாக இருந்தபோது மகள் செல்லம் கொடுத்துப் பழக்கியது. ஜெயங்கொண்டத்தில் வாழ்க்கைப்பட்ட அவள், வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு இங்கே வரப்போகிறாள் என்றதும் என் கணவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“புள்ளத்தாச்சி மேல ஒரு தடவ பாஞ்சாலும், எங்கண்ணன் சோளக்காட்டுல கொண்டுபோய் விட்டுருவேன்.”

சொன்னவர் யார்? அரியலூர் சிமெண்ட் ஆலையிலிருந்து சாயங்காலம் புழுதியோடு வந்து, அதன் முன்னங்கால்களைப் பிடித்துக்கொண்டு வாசலில் ஆட்டம் போடுகிற அதே மனுஷர். அவர்மேல் பாய்ந்தால் பாசமாம், மகள்மேல் பாய்ந்தால் குற்றமாம். களைத்து வருகிறவனுக்கு அந்தச் சந்தோஷம்கூட இருக்கக் கூடாதா என்று என்னையே கேட்பார்.

போனில் பார்த்து நானே பழக்கினேன். பாய வந்தால் ஒரு வார்த்தை பேசாமல் முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். நாலு காலும் தரையில் பட்டதும் திரும்பி, ஒரு துண்டு பொறை ரொட்டி கொடுத்துக் கொஞ்ச வேண்டும். நாயோடு என்ன சண்டை, மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு நிற்கிறாய் என்று பக்கத்து வீட்டு அக்கா சிரித்தார். பகலெல்லாம் ஒழுங்காக இருந்த நாயைச் சாயங்காலம் இவர் ஒரே ஆட்டத்தில் கெடுத்துவிடுவார். மறுநாள் நான் மறுபடியும் சுவரைப் பார்க்க வேண்டும்.

வளைகாப்பு முடிந்து மகளைக் காரில் அழைத்து வந்தோம். அக்கா ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றார். மகளின் வளையல் சத்தம் கேட்டதும் நாய் உள்ளேயிருந்து பறந்து வந்தது. எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. மகளின் தோளைப் பிடித்துத் திருப்பி, இருவருமாகக் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்து நின்றோம். அக்கா பதறிப்போனார்.

“வாயும் வயிறுமா இருக்குற புள்ள, ஆரத்திக்கு முதுகக் காட்டலாமா?”

எனக்கும் பக்கென்றது. ஆனாலும் திரும்பவில்லை. பின்னால் நகங்கள் தரையில் உரசி நின்றன. மெல்லத் திரும்பினால், நாய் நாலு காலையும் ஊன்றி, உடம்பெல்லாம் உதற, வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றது. மகள் கண் கலங்க அதன் தலையைத் தடவினாள். இனி இதை யாரும் எங்கேயும் கொண்டுபோய் விட முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

இவர் அதற்குள் அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டார்.

“நாய் அங்க வரலண்ணே. நான் பழக்குன பழக்கத்துல அசையாம நின்னுச்சு.”

நாய் பாயவில்லை. பாய இருந்தது நான்தான். மகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.