தெளிவாகப் பேசியதற்கான தண்டனை

கண்ணாடிக் கடையின் பின்னறையில் பதினோரு வருடம் லென்ஸ் வெட்டியவள் அவள். இம்மி பிசகினாலும் லென்சைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பாள். அதனால் கூட வேலை செய்தவர்கள் அவளுக்கு மில்லிமீட்டர் என்று பெயர் வைத்தார்கள். அது சுருங்கி மில்லியாகி, அண்ணன் வீடுவரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

பின்னறையில் ஒரு இயந்திரமும் ஒரு ஜன்னலும்தான். முகம் பார்த்துப் பேச வேண்டிய தொல்லை கிடையாது. முதலாளி கடையைப் பெரிதாக்கினார். லென்ஸ் வெட்டுவதைப் பார்த்தால் வாங்குகிறவர்களுக்கு நம்பிக்கை வரும் என்று இயந்திரத்தைக் கொண்டுபோய் நடுக்கூடத்தில் வைத்தார். மூன்றாவது வாரம் மில்லி கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அண்ணன் வந்து கதவுக்கு வெளியே ஒரு மணி நேரம் நின்ற பிறகுதான் வெளியே வந்தாள். அதோடு வேலை போயிற்று. ஆட்டிசம், கூடவே கடுமையான பதற்றம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது.

இரண்டு வருடம் அண்ணன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டாள். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாததே அவளுக்குத் தொண்டையில் சிக்கியது.

அண்ணிக்கு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை. மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கான விண்ணப்பத்தை அவள்தான் வாங்கி வந்தாள்.

"தனியா சமைக்க முடியுமான்னு கேட்டிருக்கான். என்ன போட?"

"முடியும் அண்ணி. வீட்டுல யாரும் பேசாம இருந்தா, போன் அடிக்காம இருந்தா."

"அதுக்கெல்லாம் கட்டம் இல்லையே. முடியும், முடியாது, ரெண்டே ரெண்டுதான்."

"முடியாதுன்னு போட்டா பொய்யாயிடும்."

அப்படியே பாதிக் கட்டங்களில் 'முடியும்' என்று விழுந்தது.

நேர்காணலுக்குக் கடிதம் வந்ததும் அண்ணி ஒன்பது நாள் பாடம் நடத்தினாள். "தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்காதே. கேட்டதுக்கு டக்குனு, தெளிவா பதில் சொல்லு. அப்பதான் நம்மள ஒரு ஆளா மதிப்பாங்க." மில்லி பதில்களை எழுதி வைத்து மனப்பாடம் செய்தாள். கண்ணைப் பார்க்க முடியாவிட்டால் புருவத்துக்கு நடுவில் பார்க்கலாம் என்பது கடையிலேயே கற்றுக்கொண்ட தந்திரம்.

காத்திருக்கும் அறையில் நடுத்தர வயது ஆள் ஒருவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் அக்கா. மில்லிக்கு அவர்கள் பக்கம் திரும்பவே கூசியது. இவருடைய பங்கைப் பிடுங்கத்தான் வந்திருக்கிறோம் என்று பட்டது.

உள்ளே அதிகாரி கேட்டதற்கெல்லாம் சொன்னாள். தனியாக வெளியே போவீர்களா? போவேன். போதாக்குறைக்கு, "உங்க இடது லென்ஸ் சாஞ்சிருக்கு சார், தலை வலிக்குமே" என்று வேறு சொல்லிவைத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தார்.

"இவ்வளவு தெளிவா பேசறீங்களே!"

வீடு திரும்பியதும் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்தவள் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

மறுப்புக் கடிதத்தில் காரணமும் இருந்தது: விண்ணப்பதாரர் கண்ணைப் பார்த்து, தெளிவாகப் பதிலளிக்கிறார். அதே வாரம் அண்ணிக்கு வரவிருந்த மேற்பார்வையாளர் பதவி வேறொருத்திக்குப் போனது. அடிக்கடி லீவு போடுகிறாள் என்றார்களாம். யாருக்காகப் போட்ட லீவு என்று மில்லிக்குத் தெரியாதா?

"மன்னிச்சுடுங்க அண்ணி. அன்னிக்கு நான் நல்லா இருந்துட்டேன்."

அண்ணி துணி மடிப்பதை நிறுத்தினாள். "இருக்கச் சொன்னதே நான்தானேடி."

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் இருந்தது. இந்த முறை எல்லாவற்றுக்கும் முடியாது என்றே போட்டுவிடலாம் என்றாள் அண்ணி. மில்லி மசியவில்லை. வெள்ளைத்தாளை எடுத்துத் தானே எழுதினாள். பேசியது இருபத்திரண்டு நிமிடம். அதற்குத் தயாரானது ஒன்பது நாள். பிறகு பேச்சு வராமல் இருந்தது...

"எவ்வளவு நேரம் அண்ணி?"

"ஐம்பத்தோரு மணி நேரம்." அண்ணி தரையைப் பார்த்தபடி இருந்தாள். "ரெண்டாவது நாள் நான் உன்னைப் பிடிச்சு உலுக்கினேன், மில்லி. நடிச்சது போதும், எந்திரின்னு கத்தினேன். உனக்கு நினைவிருக்காதுன்னு நினைச்சேன்."

"எனக்குக் கேட்டுது. பதில் சொல்லத்தான் வாய் வரலை."

அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறவர்களை என்ன செய்வதென்று மில்லிக்கு எப்போதுமே தெரியாது. மீதித் துணிகளை இழுத்து மடிக்க ஆரம்பித்தாள். மடித்துக்கொண்டே கேட்டாள்:

"அதையும் எழுதட்டுமா? நடந்துதே."

"எழுது," என்றாள் அண்ணி மூடிய துணிக்குள்ளிருந்தே.

இரண்டு பக்கம் வந்தது. அதைப் படித்த வேறொரு அதிகாரி, மில்லியை அலைக்கழிக்காமல் அண்ணியிடம் மட்டும் போனில் பேசினார். மூன்று வருடத்துக்கு உதவித்தொகை கிடைத்தது. அண்ணன் கடிதத்தை இரண்டு முறை சத்தமாகப் படித்தார். மில்லி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"காதைப் பொத்திக்கிட்டிருந்தாரே, அவருக்குக் கிடைச்சுதா?"

யாருக்குத் தெரியும்?

கடிதத்தின் அடியில், நிலைமை மேம்பட்டால் உடனே தெரிவிக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அன்று முதல் நல்ல நாள் என்றாலே அவளுக்குப் பயம். ஒரு மாலை மாடிப்படியில் அண்ணி சலவைப் பிரிவுக் கதை ஒன்றைச் சொல்ல, மில்லி வயிறு வலிக்கச் சிரித்தாள். கீழ்வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "இப்ப நல்லாத்தானே இருக்காங்க!" என்றாள். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. ஆனால் மில்லி உள்ளே போய்ப் பேனாவை எடுத்துவிட்டாள். 'இன்று மாலை நாற்பது நிமிடம் நன்றாக இருந்தேன். தங்கள் கவனத்துக்கு.'

அண்ணி படித்துப் பார்த்தாள். "நிஜமாவே அனுப்பப் போறியா?"

"அனுப்பாட்டி தூக்கம் வராது அண்ணி."

அண்ணி உறை எடுத்துக் கொடுத்தாள். மூன்று வாரத்தில் பதில் வந்தது: தங்கள் கடிதம் கிடைத்தது, உதவித்தொகை தொடரும். அந்த வருடம் மில்லி அப்படி நான்கு கடிதங்கள் அனுப்பினாள். கடைசி இரண்டுக்கும் பதில் வரவில்லை.