படிக்கிறாளா டீச்சர்?

லிந்துலைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் நான் சில வருடங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்தினேன். வகுப்பு பிள்ளைகளுக்கு மட்டுமல்ல. ஒவ்வொரு பிள்ளையும் தாயையோ தகப்பனையோ கூட்டிக்கொண்டு வர வேண்டும். இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரு புத்தகத்தைப் பார்க்க வேண்டும். வீட்டில் பிள்ளையின் படிப்புக்கு எப்படித் துணையாக இருப்பது என்று பெற்றோருக்குச் சொல்லிக் கொடுக்கத்தான் அந்த ஏற்பாடு. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. அதே தோட்டத்தில் கீழ் லயத்து வரிசை வீடொன்றில் பிறந்தவள். உயர்தரப் பரீட்சை முடித்திருந்தேன். எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த அக்கா முதல் நாள் வாசலிலேயே நின்றார். கொழுந்து பறிக்கிறவர். ஏழு வயது மகள் அவருடைய சேலைக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள்.

"எனக்கு எழுத்து தெரியாது டீச்சர். புள்ள மட்டும் இருக்கட்டும், நான் வெளிய நிக்கிறேன்."

"எழுத்து வேணாம் அக்கா. படத்தைப் பாத்து நீங்களா ஒரு கதை சொல்லுங்க, போதும்" என்றேன்.

கையைச் சேலையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டுதான் புத்தகத்தைத் தொட்டார். விரல் வெடிப்புகளில் கொழுந்துக் கறை கறுப்பாக ஏறியிருந்தது. படத்தில் ஒரு கோழி ஆற்றங்கரையில் நின்றது. அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு, அந்தக் கோழி காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் பிந்திப்போய் கங்காணியிடம் ஏச்சு வாங்கியதாகவும், கோபித்துக்கொண்டு ஆற்றைத் தாண்டி வேறு தோட்டத்துக்குப் போகப் பார்த்ததாகவும் சொல்லத் தொடங்கினார். கங்காணியின் குரல், கோழியின் குரல் எல்லாவற்றையும் அவரே பேசினார். பக்கத்துப் பாய்களில் இருந்தவர்கள் தங்கள் புத்தகங்களை மூடிவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். பாடசாலையில் வாயே திறக்காத பிள்ளை அவள். 'மந்தம்' என்று எழுதியே வைத்திருந்தார்கள்.

அதன் பிறகு அவர் ஒரு ஞாயிறையும் விடவில்லை. படத்திலிருந்து எழுத்துக்கு வந்தார். மகள்தான் திருத்துவாள். "அம்மா, அது ல இல்ல, ழ. நாக்க மடிங்க." இவர் நாக்கை மடித்துக் காட்டுவார், அவள் உருண்டு சிரிப்பாள். அந்த வருடக் கடைசியில் பாடசாலை மேடையில் அந்தப் பிள்ளை கோழிக் கதையைச் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதார்.

அன்றைக்குத் திரும்பி வரும் வழியில் நான் சொன்னேன். "ஒங்க புள்ளைக்கு நல்ல மூளை அக்கா. நம்ம தோட்டத்து ஸ்கூல் அஞ்சாம் ஆண்டு வரைக்கும்தான். டவுன் ஸ்கூல்ல போட்டு, டியூஷனும் குடுத்தீங்கன்னா எங்கயோ போயிருவா."

நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பிறகு எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

மூன்று மாதம் கழித்து அவர் ஒரு படிவத்தோடு வந்தார். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறார். பிள்ளையை யார் பொறுப்பில் விட்டுப் போகிறார் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். "வாசிச்சு மட்டும் காட்டுங்க டீச்சர். நானே எழுதுறேன்" என்றார். அவர் கையால் நிரப்பிய முதல் படிவம் அது. நாத்தனாரின் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, பேனையை அழுத்தி எழுதினார். எழுத்துப் பிழையே இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அந்தப் பெருமையில் அவரைப் போகாதே என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

அவர் போன பிறகு தகப்பன் ஒரு ஞாயிறு மகளோடு வந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அமைதியான மனிதர். அவர் பாயில் உட்கார்ந்து புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைதான் பக்கம் பக்கமாகத் திருப்பினாள். போகும்போது, "எனக்கு அவ மாதிரி பேச வராது டீச்சர்" என்றார். பிறகு வரவில்லை. பிள்ளை அத்தையின் போனை எடுத்துக்கொண்டு தனியாக வந்தாள்.

போனைச் சுவரில் சாய்த்து வைப்போம். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். அக்கா ஏதோ சமையலறை மூலையில் நின்றபடி மெதுவான குரலில் கதை சொல்வார். இவள் புத்தகத்தைத் திரைக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருப்பாள். ஒரு ஞாயிறு கதையின் நடுவில் அந்தப் பக்கம் யாரோ சத்தம் போட்டார்கள். அக்காவின் முகம் மாறியது. திரை இருட்டாகிவிட்டது.

பிள்ளை புத்தகத்தை இறக்கவில்லை. இருட்டுத் திரைக்கு நேராக அப்படியே பிடித்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "மிச்சத்த நான் சொல்லவா?" என்று கேட்டேன்.

"வேணாம் டீச்சர். ஒங்களுக்கு அந்தக் கதை தெரியாது."

அழைப்புகள் குறைந்தன. மாதத்துக்கு ஒன்று, சில மாதம் அதுவும் இல்லை. பிள்ளை வகுப்புக்கு வருவதை நிறுத்தினாள். ஐந்தாம் ஆண்டுக்குப் பிறகு, தாய் ஆசைப்பட்டபடியே, தலவாக்கலையில் டவுன் பாடசாலையில் சேர்த்தார்கள். வெள்ளைச் சீருடையில் பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு வருடம்கூட இல்லை. அங்கே யாரோடும் பேச மாட்டாளாம், கேட்டால் பதில் சொல்ல மாட்டாளாம். ஒரு நாள் போகவில்லை, பிறகு போகவே இல்லை. அத்தையின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டு லயத்திலேயே இருந்துவிட்டாள். நான் இரண்டு முறை போய்க் கூப்பிட்டேன். குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

அந்த நாட்களில்தான் அக்காவிடமிருந்து எனக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வரும். குரல் பதிவு அல்ல. அவரே தட்டெழுதிய தமிழ். 'படிக்கிறாளா டீச்சர்?' அவ்வளவுதான்.

நான் எழுதினேன், 'படிக்கிறா அக்கா.'

தூரத்தில் தனியாக இருக்கிறவரைக் கலங்கவைக்கக் கூடாது என்று நினைத்தேன். வீட்டிலும் யாரும் சொல்லவில்லை. அடுத்த மாதம் மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதையே எழுதினேன். ஒரு தரம், 'நல்லா படிக்கிறா' என்றுகூட எழுதினேன்.

ஐந்தாவது வருடம் அவர் திரும்பி வந்தார். மறுநாள் காலையிலேயே பிள்ளைக்காம்பராவுக்கு வந்துவிட்டார். மெலிந்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"வீட்டு ஆளுங்க மறைச்சாங்க, சரி. நீங்களாவது சொல்லியிருக்கலாமே டீச்சர்?"

அவரே மேலே சொன்னார்.

"குவைத்துல அந்த வீட்டுல யாரும் எங்கிட்ட பேச மாட்டாங்க. நீங்க அனுப்புனத எடுத்து எடுத்து வாசிப்பேன். எழுத்துக் கூட்டி வாசிப்பேன். நீங்க கத்துக்குடுத்த எழுத்து. அதுல பொய் இருக்கும்னு நான் நெனைக்கவே இல்ல."

ஏசவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மன்னிப்புக் கேட்டேன். "நீங்க என்ன செய்வீங்க, சின்னப் புள்ள" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அப்போது முப்பது வயது ஆகவிருந்தது.

அவர் மகளை மீட்டுக்கொள்ள எவ்வளவோ செய்தார். பாடசாலை அதிபரைப் போய்ப் பார்த்தார். கூடவே பஸ்ஸில் ஏறி வகுப்பு வாசல்வரை கொண்டுபோய் விட்டார். விட்டுப்போன வகுப்பில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார மாட்டேன் என்று அவள் நடந்தே திரும்பி வந்துவிட்டாள். வீட்டில் அம்மா ஏதாவது பேசத் தொடங்கினால் எழுந்து அத்தை வீட்டுக் காம்பராவுக்குப் போய்விடுவாள். வெறுப்பு என்று சொல்ல முடியாது. பழக்கமில்லாத ஆளிடம் காட்டுகிற மரியாதை. அதைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை. அவர் மறுபடி மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனார். இதற்கிடையில் எங்கள் வகுப்பும் நின்றுபோனது.

பதினாறு வயதானதும் மகள் அத்தையின் உறவுக்காரப் பெண்ணோடு கொழும்புக்கு ஒரு துணிக்கடை வேலைக்குப் புறப்பட்டாள். அன்று காலை நான் ஹட்டன் போக பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். அவர்களும் வந்தார்கள். பிள்ளை என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். பஸ் வந்ததும் அக்கா ஒரு பொதியை அவள் கையில் கொடுத்தார். "போயிட்டு வாறேன்" என்றாள். அம்மா என்று சேர்த்துச் சொல்லவில்லை. நான் அந்த பஸ்ஸில் ஏறவில்லை.

வளைவு தாண்டி பஸ் சத்தம் அடங்கும்வரை அக்கா ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பல நாட்களாக என்னிடம் பேசாதவர் பிறகு பேசினார்.

"அவளுக்கு என்ன புடிக்கும்னே எனக்குத் தெரியல டீச்சர். நாத்தனார்கிட்ட கேக்க வெக்கமா இருந்துச்சு. ரொட்டி சுட்டுக் குடுத்துவிட்டேன். திம்பாளா?"

"திம்பா அக்கா" என்று சொல்ல வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன்.

"எனக்குத் தெரியாதுக்கா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று மேலே ஏறிப் போனார்.