தொப்பி தெரியாத ஆழம்

நாகூரிலிருந்து தொலைபேசி வந்தபோது நான் அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். பேசியவர் டாக்டர் நெய்னா முகம்மதுவின் மருமகன். "மாமா மவுத்தாயிட்டாங்கம்மா. நேத்து அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம் பண்ணிட்டோம். உங்களுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும். கையும் ஓடல, காலும் ஓடல" என்றார். சரி என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன். அழுகை வரவில்லை. முதலில் வந்தது கோபம்தான். போன ரம்ஜானுக்குப் பேசியபோது, "நீங்க வர வேணாம், நானே ஒரு நடை வந்து பாத்துட்டுப் போறேன் டாக்டரம்மா" என்று சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற மனிதர், இதை மட்டும் செய்யாமல் போய்விட்டார்.

பாய் டாக்டர் என்றால்தான் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். கால்நடை மருத்துவர். திருவையாற்றுக்குக் கிழக்கே, கடலுக்குப் போகிற வழியில், ஒரு வாய்க்கால் கரை ஊரில் அவர் மாட்டாஸ்பத்திரியிலும் நான் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரே காலத்தில் வேலை பார்த்தோம். ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே இன்னும் ஆட்கள் வீடு கட்டுகிறார்கள், பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறார்கள். இரங்கல் கூட்டத்தில் யாராவது அவரைச் சாந்தமானவர் என்று பேசினால் நம்பாதீர்கள். அவர் கத்துவார். வாய்க்காலுக்கு அந்தக் கரையில் நிற்பவருக்கும் கேட்கும்படி கத்துவார். ஆனால் கத்தும்போதும் "வாங்க, போங்க" என்றுதான் கத்துவார். விவசாயக் கூலிகளின் தெருவில் அப்படிப் பேசிய அரசு ஊழியர் அன்றைக்கு அவர் ஒருவர்தான்.

எங்கள் அறிமுகம் ஒரு புண்ணில் தொடங்கியது. மாரிமுத்து என்கிற பண்ணையாள் முன்கையைக் காட்டிக்கொண்டு என்னிடம் வந்திருந்தார். நடுவில் கரிக்கட்டை போலக் கறுத்த பொருக்கு, சுற்றிலும் கொப்புளம், முழங்கை வரை வீக்கம். "வலிக்கவே இல்லம்மா, அதான் பயமா இருக்கு" என்றார். வலிக்காத புண் என்றதும் நான் தொழுநோயை நினைத்துக் குழம்பிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துப் பாய் ஒரு கண்ணாடிச் சில்லைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். அவர் ஆஸ்பத்திரியில் மைக்ராஸ்கோப் கிடையாது, என்னிடம் இருந்தது. செத்த மாட்டின் காதில் ஊசியால் குத்தி எடுத்த ரத்தம். சாயம் ஏற்றிப் பார்த்தால், ஊதா நிறத்தில், மூங்கில் கழியைத் துண்டு துண்டாக வெட்டி வரிசையாக அடுக்கினாற்போல் கிருமிகள். பாய் திரும்பி மாரிமுத்துவின் கையைப் பார்த்தார். "இந்த மாட்ட உரிச்சது நீங்கதானா?" என்றார். மாரிமுத்து தலையாட்டினார். "இவர் கையில இருக்கறது என்னோட நோய், டாக்டரம்மா. அடைப்பான்."

ஆந்த்ராக்ஸ் என்று நான் பாடத்தில் படித்ததை எங்கள் பக்கத்து மாட்டுக்காரர்கள் அடைப்பான் என்பார்கள். காலையில் மேய்ந்த மாடு மாலையில் உப்பிக் கிடக்கும். மூக்கிலும் வாயிலும் உறையாத கறுப்பு ரத்தம் வடியும். பெனிசிலின் ஊசியில் மாரிமுத்து பிழைத்துக்கொண்டார். தழும்பு மட்டும் நின்றது. அவர் படுத்திருந்த நாட்களில் பாய் தினமும் வந்து, தெரு ஆட்களை உட்கார வைத்து ஒரே பாடத்தைச் சொல்வார். "உடம்புக்குள்ள இருக்கற வரைக்கும் அது வெறும் பூச்சிங்க. கிழிச்சு ரத்தம் காத்துல பட்டுச்சோ, மேல ஓடு கட்டிக்கும். உங்க விதைநெல்லு ரெண்டு வருஷம் கிடந்தா முளைக்காது. இது உங்க பேரன் காலத்துலயும் முளைக்கும். கிழிக்காதீங்க. கிழிச்சா விதைச்ச மாதிரி."

கேட்டுக்கொள்வார்கள். ஆனால் பண்ணையில் மாடு செத்தால் தூக்கிப் போய் உரிப்பது அந்தத் தெருவின் மேல் சுமத்தப்பட்ட வேலை. இறைச்சி அவர்களுக்கு. வேறு எப்போது இறைச்சி சாப்பிட்டார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

பிறகு காலம் மாறியது. சென்னையில் கழக ஆட்சி, எங்கள் வயல் வரப்புகளில் செங்கொடி. அறுவடைக் கூலிக்காக வேலைநிறுத்தம் நடந்தபோது தெரு கூடி இன்னொரு முடிவும் எடுத்தது. இனி பண்ணையில் செத்த மாட்டைத் தொடமாட்டோம். சொன்னவர் மாரிமுத்து. அதற்குள் அவர் சங்கத்துக்குத் தலைவர் ஆகியிருந்தார். அந்த வாரமே பெரிய பண்ணையின் உழவு மாடுகள் அடைப்பானில் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. தூக்க ஆளில்லை. பாய்க்கு வந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "மொத தடவையா மாடு கிழியாம முழுசா கிடக்குது டாக்டரம்மா!" என்று சைக்கிளிலிருந்து இறங்காமலே கத்திவிட்டுப் போனார்.

எங்கள் ஊரில் நாலடி வெட்டினால் தண்ணீர். தண்ணீர் வராத மேடு ஒன்றுதான், ஊருக்குக் கிழக்கே இருந்த பண்ணைத் திடல். அங்கே பெரிய பண்ணையின் மச்சினன்மார்களே மண்வெட்டி பிடித்தார்கள். வாழ்நாளில் பிடித்திராத கைகள். இடுப்பளவு வெட்டியதும் மேலே ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். பாய் குழிக்குள் குதித்து நிமிர்ந்து நின்று, "என் தொப்பி தெரியுதா?" என்று கேட்டார். "தெரியுதே" என்றார்கள். "அப்ப வெட்டுங்க." இது அவருடைய வழக்கம். எந்தக் குழியானாலும் இறங்கி நின்று கேட்பார். தொப்பி தெரியாத ஆழம் வந்த பிறகுதான் மாட்டைத் தள்ள விடுவார். நாகூர்ப் பக்கத்துக் கிளிஞ்சல் சுண்ணாம்பை மூட்டை மூட்டையாகக் கொட்டி, மண் போட்டு மூடி, கருவை முள்ளால் சுற்றி வேலி போட்டார். பெரிய பண்ணை குடை பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தபடி நின்றார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சில வருடங்கள் கழித்து நில உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையின் மிகை நிலம் கணக்குக்கு வந்தது. நல்ல நஞ்சையெல்லாம் உறவினர் பெயரிலும் கோயில் பெயரிலும் ஏறிக்கொண்டது. கூலிகளுக்கு வீட்டுமனை என்று வந்தது அந்தத் திடல். பட்டா கொடுக்கப் பந்தல் போட்டார்கள், ஒலிபெருக்கி வைத்தார்கள். பெரிய பண்ணைக்கு மாலையும் போட்டார்கள். அவர் தெரிந்துதான் கொடுத்தார். இதை நான் இப்போதும் சொல்வேன், எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

பாய் தாசில்தாரிடம் போனார். "கிருமி இருக்குன்னு அடங்கல் கணக்குல எந்தக் கலத்துல எழுதறது டாக்டர்?" என்று சிரித்திருக்கிறார் அவர். நேரே சங்கக் கூட்டத்துக்கு வந்தார் பாய். நானும் கூடப் போனேன். திடலை வாங்காதீங்க, வேற இடம் கேளுங்க என்றார். அந்தத் தெரு மக்கள் அதுவரை குடியிருந்தது பண்ணைக்குச் சொந்தமான மண்ணில். கூலி கூட்டிக் கேட்டாலே குடிசையைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்வார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தங்கள் பெயர் எழுதிய பட்டா கையில் இருக்கிறது. மாரிமுத்து எழுந்து நின்றார்.

"பாய், நாங்க கேக்கற எடத்த அவங்க தரமாட்டாங்க. தர்ற எடத்த நீங்க வேணாங்கறீங்க. அப்ப நாங்க எங்கதான் போறது?"

பாய் அன்று கத்தவில்லை. "மாடு புதைச்ச கீழண்டை மூலைய மட்டும் விட்டுடுங்க. அங்க வெட்டாதீங்க, மேய்க்காதீங்க. உங்க மாடு கண்ணுக்கெல்லாம் நான் தடுப்பூசி போட்டுடறேன்" என்றார். பின்வரிசையிலிருந்து ஒருவர், "பண்ண வூட்ல என்ன வாங்குனீங்க பாய்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு கூட்டத்தில் யாரும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. மறுநாள் ஊசியும் மருந்துமாகப் போனவரைத் தெருமுனையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முள்வேலியை விறகுக்கு எடுத்தார்கள். வீட்டுத் தரையை மேடாக்க மண் வேண்டியிருந்தது. கெட்டியான திடலில் மண்வெட்டி இலகுவாக இறங்கிய இடம் அந்த மூலைதான். கோடையில் மற்ற இடமெல்லாம் காய்ந்துபோக, புல் நின்றதும் அங்கேதான். மாரிமுத்துவின் மனைவி அஞ்சலைக்கு அரசாங்கத்தில் ஒரு கறவை மாடு கிடைத்திருந்தது. அந்தத் தெருவில் யாருக்கும் சொந்தமாக வந்த முதல் மாடு. அஞ்சலை அதற்கு மஞ்சள் பூசி, நெற்றியில் பொட்டு வைத்து வளர்த்தாள். அந்த மூலையில் மேய்ந்த அது, மறுநாள் காலையில் செத்துக் கிடந்தது.

மாடு செத்தது கேள்விப்பட்டதும் பாய் என்னையும் அழைத்துக்கொண்டு ஓடினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாதி மாட்டை உரித்துக் கறியும் பங்கு போட்டாகிவிட்டது. உரித்துக்கொண்டிருந்தவர் மாரிமுத்து. பாய் தலையிலடித்துக்கொண்டு கத்தினார். "இனிமே தொடமாட்டோம்னு நீங்கதானே சொன்னீங்க மாரிமுத்து!"

"பண்ண மாட்டத்தான் தொடமாட்டோம்னு சொன்னோம். இது எங்க மாடு, பாய்."

பிறகு கையை நீட்டிப் பழைய தழும்பைக் காட்டினார். "எனக்கு வந்து போயிடுச்சு. அம்ம மாதிரிதானே, ஒரு தரம் வந்தா மறுக்கா வராது. அதான் வேற யாரையும் கத்தியத் தொட விடல." மற்றவர்களைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அவர் தனியாளாக உரித்திருக்கிறார். உரித்தவருடைய பங்கு என்று ஈரலில் ஒரு துண்டை வைக்கோல் தீயில் வாட்டித் தின்றும் இருக்கிறார்.

அன்று பாயும் நானும் வீடு வீடாகப் போனோம். அடுப்பில் கொதிக்கிற சட்டியை இறக்கிக் குழியில் கொட்டச் சொல்வது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். ஒருத்தி, "எங்க புள்ளைவோ வாயில விழுந்தாத்தான் உங்களுக்குப் பொறுக்காதே!" என்றாள். பாய் ஒவ்வொரு சட்டியாக வாங்கிக் கவிழ்த்தார். தெரு முழுக்க ஊசி போட்டேன். அவர்களெல்லாம் தப்பினார்கள்.

மாரிமுத்து ஊசிக்கு வரவில்லை. தனக்கு வேண்டாம், மருந்து மற்றவர்களுக்கு ஆகட்டும் என்று சொல்லி அனுப்பினார். மூன்றாம் நாள் வயிறு உப்பி, ரத்தமாகப் போன நிலையில் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெனிசிலின் ஏற்றினேன். நேரம் கடந்துவிட்டிருந்தது. பாய் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மாரிமுத்துவுக்குக் கடைசி வரை நினைவு இருந்தது. அதுதான் கொடுமை.

சாவுச் செய்தி பரவியதும் ஆஸ்பத்திரி வாசலில் சங்கத்து ஆட்கள் திரண்டார்கள். மாட்டுக்கும் மனிதனுக்கும் பண்ணைதான் விஷம் வைத்தது, பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டும் என்றார்கள். போலீசும் அதையே சொன்னது. அறுக்க வேண்டிய கை என்னுடையது. பாய் சவக்கிடங்கின் வாசலில் குறுக்கே நின்றுகொண்டார். "காதுல ஒரு சொட்டு எடுத்துப் பாருங்க, போதும். உடம்பக் கிழிக்கக் கூடாது." கூட்டத்திலிருந்து ஒரு கல் வந்து அவர் புருவத்தில் பட்டது. பண்ணையைக் காப்பாற்றத்தான் தடுக்கிறார் என்று எல்லோரும் நம்பினார்கள். நான் சொட்டு எடுத்துப் பார்த்தேன். அதே ஊதா மூங்கில்கள். சொன்னால் யார் கேட்கிறார்கள்?

அப்போது அஞ்சலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "கெழிக்க வேணாம். போவும்போது அவருதான் சொல்லிட்டுப் போனாரு. மாட்ட நான் கெழிச்சுட்டேன், என்னைய யாரையும் கெழிக்க விடாதேன்னு" என்றாள். கூட்டம் கலைந்தது, போலீசும் வற்புறுத்தவில்லை.

பரிசோதனை இல்லாததால் வழக்கும் இல்லை. விஷம் வைக்கவில்லை என்பது உண்மை. தெரிந்தே அந்தத் திடலைக் கொடுத்ததற்குச் சட்டத்தில் பிரிவு கிடையாது. பெரிய பண்ணை வயதாகிப் படுக்கையில், பிள்ளைகள் சூழ, நிம்மதியாகச் செத்தார். "நான் தடுத்ததாலதான் கேஸ் போச்சு. எனக்கும் தெரியும் டாக்டரம்மா" என்று சொல்லி, நெற்றியில் நான் போட்ட கட்டோடு பாய் அழுததைப் பார்த்தேன்.

மாரிமுத்துவை அந்தக் கீழண்டை மூலையில்தான் புதைத்தோம். அவருக்கென்று இருந்த மண் அது ஒன்றுதான். தெரு ஆட்கள் வெட்டினார்கள். பாய் குழிக்குள் இறங்கி நிமிர்ந்து நின்றார். வழக்கமான கேள்வியை அவரால் கேட்க முடியவில்லை. வெட்டியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பெண்கள் வராத அந்த இடத்துக்கு அஞ்சலை வந்திருந்தாள். கரையிலிருந்து அவள்தான் சொன்னாள்: "தெரியுது பாய்." ஆட்கள் மறுபடி மண்வெட்டியை எடுத்தார்கள். மறுவாரம் தெருவே தன் ஆடு மாடுகளைப் பிடித்துக்கொண்டு அவர் ஊசிக்கு வரிசையில் நின்றது. அதைப் பெருமையாக அவர் யாரிடமும் சொன்னதில்லை.

போன் வந்த மறுநாள் பஸ் பிடித்துத் திடலுக்குப் போனேன். இப்போது எல்லாம் ஓட்டு வீடுகள், மாடி வீடுகள். ஒரு வீட்டுப் பிள்ளை வங்கியில் இருக்கிறான், இன்னொரு வீட்டுப் பெண் நர்ஸ். கீழண்டை மூலையில் மட்டும் வீடில்லை. கருவை முள் வேலி நெருக்கமாக நிற்கிறது. ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன்பு பழைய முள்ளை அங்கேயே கொளுத்திவிட்டுப் புது முள் கட்டுவது அஞ்சலைதான். இந்த வருடம் முள் கட்டியாகிவிட்டது. கையெல்லாம் கீறலோடு உட்கார்ந்திருந்தாள்.

பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். அவர் கேட்ட அந்தக் கேள்விதான். சர்வீஸ் முழுக்க, எந்த நோயாளியைத் தேறிவிட்டார் என்று அனுப்பும்போதும், எந்த வேலையைப் போதும் என்று விடும்போதும், எனக்குள் ஒருவர் குழிக்குள் நின்று தொப்பி தெரியுதா என்று கேட்பார். பாதி நேரம் தெரியும். திரும்பவும் வெட்டுவேன்.

செய்தியைச் சொன்னேன். அஞ்சலை என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"அவருக்கு நல்லா ஆழமா வெட்டுனாங்களாம்மா? யாராச்சும் எறங்கி நின்னு பாத்தாங்களா?"