செருப்பைக் கழற்றச் சொன்னவர்

மாநில இளையோர் கால்பந்துக் குழுவுக்கு ஆள் பொறுக்க கோப்பெங் திடலுக்கு வந்திருந்தார் அவர். வெள்ளைத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, சட்டைப் பை நிறையக் குவாச்சி, வறுத்த சூரியகாந்தி விதை. கடித்துக் கடித்துத் தோலைப் புல்லில் துப்பினார். பாதி நேரம் அவர் பார்வை ஆட்டத்தில் இல்லை, வெளியே நின்ற பெற்றோர் மேல் இருந்தது.

எங்கள் பள்ளி கோல்கீப்பர் அன்று பறந்து பறந்து பந்தைப் பிடித்தான். பயிற்சியாளன் என்ற பெருமையில் அவனை அவரிடம் அழைத்துப் போனேன். ரப்பர் மரத்தில் பட்டை பார்க்கிறவர் மாதிரி அவன் கெண்டைக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"அம்மா வந்திருக்காங்களா?"

தொழிற்சாலைச் சீருடையோடு ஓடி வந்தார் அந்த அம்மா.

"அக்கா, செருப்பக் கழட்டிட்டு நேரா நில்லுங்க."

நின்றார். இவர் தோலைத் துப்பினார்.

"மரமே குட்டை லா, சார். கன்னு எங்க உசரும்?"

"பையன் பந்து பிடிச்சதப் பாத்தீங்களா?" என்றேன். அவர் இன்னொரு விதையை வாயில் போட்டார்.

அந்த அம்மா செருப்பை மாட்டிக்கொண்டே மகனிடம் சொன்னார்: "அப்பா நல்ல உசரம்யா. நான் வந்தது தப்பாப் போச்சு."

தொப்பிக்காரர் மெல்வதை நிறுத்தினார். அன்று முதல் முறையாக அவர் முகத்தில் ஆர்வத்தைப் பார்த்தேன்.

"எவ்ளோ உசரம்?"