பாறையை ருசி பார்த்த அத்தான்

அத்தான் இறந்ததும் மாட்டுவதற்கு ஒரு நல்ல படம் தேடினோம். கிடைத்த எல்லாவற்றிலும் அவர் முகம் வெள்ளையாக இருந்தது. ஒன்றில் மூக்கு மட்டும்தான் தெரிந்தது. அக்கா வீட்டுக்காரர் போர் போடும் வண்டியில் வேலை பார்த்தவர். துளைக்குள் செலுத்தும் காற்று, உடைந்த கல்தூளை மேலே பீய்ச்சும். அதில் பாதி இவர் மேல் படியும். மீதியை இவர் தின்பார்.

நிஜமாகவே தின்பார். ஒவ்வொரு குழாய் இறங்கியதும் ஒரு சிட்டிகைத் தூளை நாக்கில் வைப்பார். அதற்கு அவசியமே இல்லை. கூட வேலை செய்தவர்கள் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். மேல்மண் புளிக்குமாம். அறுபதாவது அடியில் உளுத்த பாறை, செங்கல்லைக் கடித்த மாதிரி இருக்குமாம். அதற்கும் கீழே கெட்டிப் பாறைக்கு ருசியே கிடையாதாம். அக்காவின் காபிக்கும் இதே அளவுகோல்தான்.

"இன்னைக்கு அறுபதாவது அடி" என்பார்.

"குடிச்சா குடிங்க, இல்லன்னா பாறையைக் கரைச்சுத் தரேன்" என்பாள் அக்கா.

போர் போடச் சொன்னவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: கீழே ஆறு ஓடுகிறதா? அத்தானும் தவறாமல் சொல்வார்: "ஆறும் ஓடல, கடலும் இல்லீங்க. பெய்யுற மழை மெல்ல இறங்கி, உளுத்த பாறையில பஞ்சுல ஊறுற மாதிரி ஊறும். அதுக்குக் கீழ கெட்டிப் பாறை. அதுல எங்க விரிசல் இருக்கோ அங்கதான் தண்ணி. விரிசல்ல மாட்டினா யோகம், தப்பினா தூசி."

இப்படி ஊருக்கெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர் வீட்டில் தண்ணீர் இல்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்பது சும்மாவா? மதிலுக்கு அந்தப் பக்கம் தையல்காரம்மாவின் வீடு. அவர் போரிலிருந்துதான் அக்கா தினமும் பக்கெட்டில் பிடித்து வருவாள். ஒருநாள் அவர் யாரிடமோ சொல்வது அக்காவின் காதில் விழுந்துவிட்டது.

"புருஷன் பூமிக்கே ஊசி போடுறவர். பொண்டாட்டி என் குழாயில பக்கெட்டோட நிக்கிறா."

அக்கா பக்கெட்டை அங்கேயே கவிழ்த்துவிட்டு வந்தாள். "சொந்தத் தண்ணி வர்ற வரைக்கும் இந்த வீட்டுல காபி கிடையாது" என்றாள். தொண்டையில் இறங்கிய கல்லையெல்லாம் காபியால் கழுவி வந்த மனிதர் அத்தான். அவருக்கு உலகமே இருண்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டி வாசலுக்கு வந்தது. முதல் துளையில் தூசிதான். தெரு நாய் வெள்ளை நாயானது.

"ஊர்ல இருக்கிற விரிசலெல்லாம் தெரியுது, சொந்த வீட்டுல கண்ணு அவிஞ்சு போச்சா?"

"உன் துணிக்கொடிக்குப் பயந்து தள்ளிப் போட்டேன்டி!"

அக்கா கொடியைத் தானே அவிழ்த்தாள். இரண்டாவது துளையை மதிலோரம் போட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து, மேலே வந்துகொண்டிருந்த தூள் சட்டென்று நின்றது. உள்ளே போகும் காற்று எங்கே போகிறதென்று தெரியவில்லை. அப்போது மதிலுக்கு அந்தப் பக்கம் பூமி பெரிதாக ஓர் ஏப்பம் விட்டது.

பக்கத்தில் போர் இருந்தால் முன்கூட்டியே சொல்லி மூடியைத் திறந்து வைக்கச் சொல்லவேண்டும். யாருக்குப் போட்டாலும் மறக்காத அத்தான், காபி இல்லாத மூளையோடு அன்று மறந்துவிட்டார். தையல்காரம்மாவின் போர் மூடி மாமரத்துக்கு மேல் பறந்தது. சாம்பல் நிறச் சேறு ஊற்றாகக் கொட்டியது. வாசலில் யாருக்கோ அளவெடுத்துக்கொண்டிருந்த அவர், கழுத்தில் டேப்போடு தலை முதல் கால் வரை சிலையாகி நின்றார்.

அத்தான் மதில் ஏறிக் குதித்தார். மன்னிப்புக் கேட்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் தையல்காரம்மாவின் தோளிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார்.

"நம்ம பாறைதான்!" என்று கூவினார். "ஒரே விரிசல்க்கா! இங்க ஊதின காத்து உங்க வீட்டுல வந்திருக்கு. ரெண்டு வீட்டுக்கும் ஒரே தண்ணி!"

அடுத்த நிமிடம் இந்தப் பக்கமும் தண்ணீர் பீறிட்டது. அக்காவின் முகம் மட்டும் வற்றியது.

"அப்போ இனிமேலும் அவங்க தண்ணியத்தான் குடிக்கணுமா?"

தையல்காரம்மா வாயிலிருந்த சேற்றைத் துப்பினார். "யாரு கண்டா? இத்தனை வருஷமா உன் தண்ணிய நான் குடிச்சிருந்தா?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று எல்லோருக்கும் காபி கிடைத்தது.

ஆனால் இரண்டு மோட்டாரும் ஒன்றாக ஓடினால் இரண்டு குழாயிலும் வெறும் காற்றுதான் வந்தது. அதனால் மோட்டார் போடுகிறவர் முதலில் கரண்டியால் மதிலில் தட்டவேண்டும் என்று ஏற்பாடானது. பதினோரு வருடம் தட்டிக்கொண்டார்கள். சண்டை போட்ட நாட்களில் தட்டல் கொஞ்சம் பலமாகக் கேட்கும், அவ்வளவுதான்.

அத்தான் போன அன்று வீடு கொள்ளாத கூட்டம். ஆனாலும் தொட்டி வற்றவில்லை. மாலையில்தான் எனக்கு உறைத்தது: காலையிலிருந்து அந்தப் பக்கமிருந்து மதிலில் தட்டல் கேட்கவே இல்லை. வெளியே வந்து பார்த்தேன். தெருக்கோடிப் பொதுக்குழாய் வரிசையில் தையல்காரம்மா பக்கெட்டோடு நின்றிருந்தார்.

மறுநாள் அக்காவிடம் சொன்னேன். அவள் எழுந்து போய் கரண்டியால் மதிலில் தட்டினாள்.

"நான் போடலக்கா. நீங்க போட்டுக்குங்க" என்றாள்.

"மோட்டார் கிடக்கட்டும். நீ காபி குடிச்சியாடி?" என்று தையல்காரம்மா அந்தப் பக்கமிருந்து கேட்டார்.

"இல்ல."

"போடு, வரேன்."

வந்தார். அக்கா போட்டுக் கொடுத்ததை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "என்னடி இது, செங்கல்லைக் கடிச்ச மாதிரி இருக்கு?"

அக்கா சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள்.

"அறுபதாவது அடி" என்றாள்.